லைராவும் ஒரு லோரிப் பயணமும்



இன்று ஒரு நாவலைப் பற்றி எழுத விரும்புகிறேன். இதனை நூல் மதிப்புரையாகக் கொள்ள வேண்டாம். நான் அந்த நூலை மதிப்பிட்டதைவிட அந்த நூல் என்னை மதிப்பிட்டதே அதிகம். அது சொன்ன தீர்ப்பைப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மனத்திற்குள்ளேயே வைத்திருந்தேன். இனி எழுதிவிடுவதே முறை.

2009-ஆம் ஆண்டு. செம்பனைத் தோட்டம் ஒன்றின் அருகே இருந்த தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். மறு ஆண்டு அவர்கள் யூபிஎஸ்ஆர் தேர்வு எழுத வேண்டியவர்கள். 2021-ஆம் ஆண்டு அகற்றப்பட்ட அத்தேர்வு, அந்நாளில் நாங்கள் அஞ்சி வணங்கிய தெய்வம். கட்டுரைத் தாளுக்கென்று எங்களிடம் ஒரு வழிமுறை இருந்தது. பத்துப் பன்னிரண்டு மாதிரிக் கட்டுரைகளை நாங்களே எழுதிக் கொடுப்போம். மாணவர்கள் அவற்றை மனனம் செய்வார்கள். தலைப்பு எப்படி வந்தாலும் ஏதாவது ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுதிவிடலாம்.

ஒரு நாள் 'மறக்க முடியாத சுற்றுலா' என்னும் தலைப்பைக் கொடுத்தேன். எல்லாரும் கேமரன் மலைக்குப் போனார்கள். அதாவது, என்னுடைய மாதிரிக் கட்டுரையில் இருந்த கேமரன் மலைக்கு. ஒரு மாணவி மட்டும் போகவில்லை. அவள் அரைப் பக்கம் எழுதியிருந்தாள். தன் குடும்பம் சுற்றுலா சென்றதே இல்லை என்று தொடங்கியிருந்தாள். அவளுடைய தந்தை லோரி ஓட்டுநர். ஒரு விடுமுறையில் பட்டர்வொர்த் வரை அவளை லோரியில் ஏற்றிச் சென்றிருக்கிறார். வழியில் கடும் மழை. கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் பழுதாகிவிட்டது. தந்தை சன்னல் வழியே கையை நீட்டிக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினாராம். இவள் உறங்கிவிட்டாள். கண் விழித்தபோது லோரி திரும்பி வந்துகொண்டிருந்தது. கடலைக் காட்ட ஏன் எழுப்பவில்லை என்று கேட்டதற்கு, நன்றாக உறங்கிக்கொண்டிருந்தாய், எழுப்ப மனம் வரவில்லை என்றாராம். கட்டுரை அத்துடன் முடிந்திருந்தது.

சிவப்பு மையால் அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். 'சொற்கள் போதவில்லை. மாதிரிக் கட்டுரையைப் பின்பற்றுக' என்று எழுதினேன்.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு என் மேசையருகே வந்தாள். "ஐயா, போகாத இடத்துக்குப் போனதாக எழுதினால் பொய் இல்லையா?" என்று கேட்டாள். அன்று காலையில்தான் வாய்மை அதிகாரத்துக் குறள் ஒன்றை அவ்வகுப்பில் கற்பித்திருந்தேன். எனக்கு எரிச்சல் வந்தது. "தேர்வில் உன்னிடம் யாரும் உண்மையைக் கேட்கவில்லை. போய் உட்கார்," என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் போய் உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. அன்று மாலையே அதை மறந்தும் போனேன்.

அவ்வாண்டு இறுதி விடுமுறையில் ஈப்போவில் ஒரு பழைய புத்தகக் கடைக்குச் சென்றிருந்தேன். அட்டையில் வெண்கரடி இருந்த ஆங்கில நாவல் ஒன்று கண்ணில் பட்டது. 2007-இல் 'தி கோல்டன் காம்பஸ்' என்ற பெயரில் திரைப்படமாக வந்த கதை என்று கடைக்காரர் சொன்னார். என் மகளுக்கு ஆகும் என்று வாங்கினேன். அவளுக்கு முன்பாக நான்தான் படித்தேன். பிறகு மற்ற இரண்டு பாகங்களையும் தேடி வாங்கினேன்.

பிலிப் புல்மன் எழுதிய 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' என்னும் முத்தொகுதி அது. 'நார்தர்ன் லைட்ஸ்' 1995-இலும், 'தி சட்டில் நைஃப்' 1997-இலும், 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' 2000-இலும் வெளிவந்தன. ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1667-இல் வெளியிட்ட 'பாரடைஸ் லாஸ்ட்' காப்பியத்திலிருந்துதான் தொகுதியின் பெயரே எடுக்கப்பட்டது. இறைவனை எதிர்த்து வானவர்கள் செய்த கிளர்ச்சியைச் சொல்லும் காப்பியம் அது. புல்மன் அக்கிளர்ச்சியைத் தலைகீழாக்கி, கிளர்ச்சிக்காரர்களின் பக்கம் நின்று ஒரு கதை சொல்கிறார். இன்னொரு செய்தியும் எனக்கு முக்கியமாகப் பட்டது. புல்மன் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துப் பள்ளிகளில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். வகுப்பறையில் கிரேக்கப் பழங்கதைகளை வாய்மொழியாகவே சொல்லிக் கதை சொல்லப் பழகியவர்.

கதை நிகழும் உலகம் நம் உலகத்தைப் போன்றது, ஆனால் வேறானது. அங்கும் ஓர் ஆக்ஸ்ஃபோர்டு உண்டு. ஆனால் அங்கே திருச்சபையே அரசுகளுக்கு மேலான அரசு. மேஜிஸ்டீரியம் என்று அதற்குப் பெயர். எதை ஆராயலாம், எதை ஆராயக்கூடாது, எந்தச் சொல்லைச் சொல்லலாம் என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்கிறது.

அவ்வுலகத்தில் மனிதனின் ஆன்மா உடலுக்குள் ஒளிந்திருப்பதில்லை. ஒரு விலங்கின் வடிவில் பக்கத்திலேயே நடமாடுகிறது. 'டீமன்' என்று நாவல் அதனை அழைக்கிறது. நான் அதனை உயிர்த்துணை என்று சொல்லிக்கொள்கிறேன். குழந்தைகளின் உயிர்த்துணை நொடிக்கொரு வடிவம் எடுக்கும். அந்துப்பூச்சியாக இருக்கும், அடுத்த கணம் பூனையாகும், பறவையாகும். பருவம் எய்தும்போது ஏதேனும் ஒரு வடிவத்தில் நிலைத்துவிடும். நாயகி லைராவுக்கு எங்கள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் வயதுதான். அவளுடைய உயிர்த்துணையின் பெயர் பான்டலைமன்.

இந்த மாற்றம் நிகழும் பருவத்தில் 'தூசு' என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று மனிதரை வந்தடைகிறது. அறிவும் தன்னுணர்வும் சேரும் இடத்தில் அது சேர்கிறது. திருச்சபையோ அதுதான் பாவம் என்று முடிவு கட்டுகிறது. பாவம் வந்து சேரும் முன்பே குழந்தையையும் அதன் உயிர்த்துணையையும் பிரித்துவிட்டால் என்ன? அதற்கென்று காணிக்கை வாரியம் ஒன்று அமைக்கப்படுகிறது. ஏழைக் குழந்தைகள் காணாமற்போகத் தொடங்குகிறார்கள். வடதிசைப் பனிவெளியில் போல்வாங்கர் என்னும் நிலையத்தில், கூர்மையான கத்தி ஒன்றின் கீழ் குழந்தையும் உயிர்த்துணையும் பிரிக்கப்படுகின்றனர்.

இந்த வாரியத்தை நடத்தும் திருமதி கோல்ட்டர் அழகானவர், இனிமையாகப் பேசுபவர். குழந்தைகளைச் சாக்லேட் பானம் கொடுத்து அழைத்து வருகிறார். கப்பல் ஏற்றுமுன் பெற்றோருக்குக் கடிதம் எழுத உதவுகிறார். எழுதத் தெரியாத குழந்தைகள் சொல்லச் சொல்லத் தாமே எழுதிக்கொள்கிறார். கப்பல் புறப்பட்டதும் அக்கடிதங்களை உலையில் எறிந்துவிட்டுப் போகிறார்.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். ஏன் என்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஒரு லோரியும் மழையும் மட்டும் நினைவுக்கு வந்தன.

இருநாள் கழித்து மீண்டும் எடுத்தேன். டோனி மக்காரியோஸ் என்றொரு சிறுவன் வருகிறான். வெட்டப்பட்டு உயிர்த்துணையை இழந்தவன். பனியில் ஒரு குடிசைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் அவனை லைரா காண்கிறாள். அவன் கைகளில் ஒரு கருவாட்டை நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கிறான். உயிர்த்துணை இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கருவாடு. அன்றிரவே அவன் இறந்துபோகிறான். அந்தக் கருவாட்டையும் யாரோ எடுத்து நாய்களுக்குப் போட்டுவிட்டார்கள் என்றறிந்து லைரா கொதித்து எழுகிறாள். பிறகு பொற்காசு ஒன்றில் அவனுடைய உயிர்த்துணையின் பெயரைக் கீறி, அதனை அவன் வாயில் வைத்து வழியனுப்புகிறாள்.

நாவலில் இன்னொரு நுட்பமும் உண்டு. போல்வாங்கர் நிலையத்தில் பணியாற்றும் தாதியரும் முன்பே வெட்டப்பட்டவர்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். சுத்தமாக இருக்கிறார்கள், கனிவாகப் பேசுகிறார்கள், பணிகளைத் திறம்படச் செய்கிறார்கள். ஆனால் எதிலும் வியப்பு இல்லை. எதையும் ஏன் என்று கேட்பதில்லை. கொடுங்கோன்மை நடப்பதற்குக் கொடியவர்கள் சிலர் போதும். அது நாள்தோறும் தடையின்றி நடப்பதற்கு இத்தகைய நல்ல பணியாளர்களே வேண்டும். அவர்களைப் பற்றிப் படித்தபோது என்னுடைய ஆண்டறிக்கையில் தலைமையாசிரியர் எழுதியிருந்த பாராட்டு நினைவுக்கு வந்தது. கொடுத்த பணியைக் கேள்வியின்றிச் செவ்வனே செய்பவர் என்று எழுதியிருந்தார். அதை வீட்டில் படித்துக் காட்டி மகிழ்ந்தவன் நான்.

இத்துடன் முடியவில்லை. ஒரு கட்டத்தில் லைராவே பிடிபட்டு அக்கத்தியின் கீழ் வைக்கப்படுகிறாள். அப்போது அங்கு வரும் திருமதி கோல்ட்டர் பதறிப்போய் அவளை மீட்கிறார். ஏனெனில் லைரா அவர் பெற்ற மகள். ஊரார் பிள்ளைகளுக்கு நன்மை என்று செய்ததைத் தம் பிள்ளைக்குச் செய்ய அவரால் முடியவில்லை. என் மகள் அப்போது நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், அலங்காரம் வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அன்பர்களே, இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த நாவல் கடவுளுக்கு எதிரானது என்று பலர் கண்டித்திருக்கிறார்கள். 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி மிகுதியாகக் கோரிக்கை எழுந்த நூல்களின் பட்டியலில் இது இரண்டாம் இடம் பெற்றது. ஆனால் ஆங்கிலத் திருச்சபையின் அன்றைய காண்டர்பரிப் பேராயர் ரோவன் வில்லியம்ஸ், 2004-இல் புல்மனுடன் ஒரே மேடையில் அமர்ந்து உரையாடினார். சமயக் கல்வியில் இந்நூலை விவாதிக்கலாம் என்ற கருத்தும் அவருக்கு இருந்தது. புல்மன் இறைநம்பிக்கை இல்லாதவர்தான். அதை அவர் மறைத்ததில்லை. நானோ வெள்ளிதோறும் கோயிலுக்குச் செல்பவன். இருந்தும் இந்நூல் என் நம்பிக்கையைக் காயப்படுத்தவில்லை. கதையில் 'அதிகாரி' என்று வணங்கப்படுபவர் உலகைப் படைத்தவரே அல்லர். முதலில் தோன்றிய வானவர் அவர். தமக்குப் பின் வந்தவர்களிடம் தாமே படைத்ததாகச் சொன்னவர். ஒரு பொய்யின் மேல் எழுப்பிய ஆட்சி அது. அதனால்தான் அது கேள்விகளுக்கு அஞ்சுகிறது.

அந்த அதிகாரியின் முடிவு வியப்புக்குரியது. பெரும்போரில் யாரும் அவரை வெல்வதில்லை. முதுமையால் நைந்து, பளிங்குப் பெட்டிக்குள் அடைபட்டு அழுதுகொண்டிருக்கும் அவரை லைராவும் அவளுடைய தோழன் வில்லும் காண்கிறார்கள். யாரென்று தெரியாமலேயே இரக்கப்பட்டுப் பெட்டியைத் திறந்து உதவுகிறார்கள். வெளிக்காற்று பட்டதும் அவர் நிம்மதியோடு கரைந்துபோகிறார்.

கிளர்ச்சியின் தலைவரான அஸ்ரியல் பிரபுவையும் புல்மன் விட்டுவைக்கவில்லை. லைராவின் தந்தை அவர். வேற்றுலகிற்கு வழி திறக்க அவருக்குப் பெரும் ஆற்றல் தேவைப்படுகிறது. அதற்காக லைராவின் நண்பனும் சமையலறைச் சிறுவனுமான ரோஜரை அவனுடைய உயிர்த்துணையிடமிருந்து வெட்டுகிறார். சிறுவன் இறக்கிறான். கொடுங்கோன்மையை எதிர்ப்பவரும் அதே கத்தியைத்தான் எடுக்கிறார். எங்கள் வழிமுறைக்கும் உயர்ந்த காரணம் இருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். தோட்டப்புறத்துப் பிள்ளைகள் தேர்ச்சி பெற வேண்டும், தமிழ்ப்பள்ளி மூடப்படக்கூடாது, நம் இனம் தலைநிமிர வேண்டும். எல்லாம் உண்மை. ரோஜருக்கும் அப்படித்தான் ஓர் உயர்ந்த காரணம் இருந்தது.

அவனை அங்கே அழைத்துச் சென்றவள் லைரா. அறியாமல் செய்த பிழை. ஆனாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்பதற்காக அவள் இறந்தோர் உலகிற்கே செல்கிறாள். அதற்குள் உயிர்த்துணை நுழைய முடியாது. பான்டலைமனைக் கரையில் தவிக்க விட்டுவிட்டுத்தான் அவள் படகேற வேண்டியிருக்கிறது.

அவ்வுலகின் வாயிலைக் காப்பவை பெண்முகமும் கழுகுடலும் கொண்ட ஹார்ப்பிகள். லைரா கதை கட்டுவதில் வல்லவள். சுவையான பொய்க்கதை ஒன்றைச் சொல்லத் தொடங்குகிறாள். ஹார்ப்பி பொய் பொய் என்று அலறிக்கொண்டு அவள்மேல் பாய்கிறது. பிறகு உள்ளே, இறந்த குழந்தைகளிடம் தான் வளர்ந்த ஆக்ஸ்ஃபோர்டைப் பற்றி, சேற்றுக் குழிகளில் சண்டையிட்டு விளையாடியதைப் பற்றி, நடந்ததை நடந்தபடி சொல்கிறாள். ஹார்ப்பிகள் மெல்ல வந்து அமர்ந்து, அமைதியாகக் கேட்கின்றன. அவற்றுக்கு அது உணவைப்போல் இருக்கிறது. இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்படுகிறது. இறந்து வரும் ஒவ்வொருவரும் தம் வாழ்விலிருந்து உண்மைக் கதை சொல்ல வேண்டும். சொன்னால் ஹார்ப்பிகள் வழிகாட்டி வெளியே கொண்டு சேர்க்கும்.

தேர்வில் உன்னிடம் யாரும் உண்மையைக் கேட்கவில்லை என்று சொன்னவன் நான். இந்த நாவலில் கடைசித் தேர்வாகக் கேட்கப்படுவது உண்மை ஒன்றுதான். அந்த வாயிலில் கேமரன் மலைக் கட்டுரை செல்லாது. மழையில் துடைத்த லோரிக் கண்ணாடி செல்லும்.

2010 சனவரியில் பள்ளி திறந்ததும் அம்மாணவியை அழைத்தேன். அவள் ஆறாம் ஆண்டுக்கு வந்திருந்தாள். அந்த லோரிப் பயணத்தை மறுபடியும் எழுதித் தருவாயா என்று கேட்டேன். எவ்வளவு நீளமாகவும் எழுதலாம், எவ்வளவு சுருக்கமாகவும் எழுதலாம் என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "இதற்கு எத்தனை புள்ளி, ஐயா?" என்றாள். புள்ளி இல்லை என்றேன். மறுநாள் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். கதிரவன் கிழக்கே தன் பொற்கதிர்களைப் பரப்பியது என்று தொடங்கியது. கேமரன் மலைக்குப் போகும் வழியில் லோரி ஒன்று வந்து போயிற்று. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அந்தத் தாளை இரு கைகளாலும் பிடித்தபடி, சரிதானா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டோனியின் கையிலிருந்த கருவாட்டை நான் நேரில் பார்த்தது அன்றுதான்.

அவ்வாண்டு அவள் தமிழில் ஏ பெற்றாள்.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் வெள்ளிக்கிழமைகளில் அரைமணி நேரம் ஒதுக்கினேன். நடந்ததை எழுதலாம், புள்ளி கிடையாது, சிவப்பு மை கிடையாது. மாதிரிக் கட்டுரைகளையும் விடவில்லை. விடும் துணிவு எனக்கு இல்லை. இதையும் நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

2019-இல் ஒரு கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஓர் இளம்பெண் வந்து வணக்கம் சொன்னாள். அவளேதான். கணக்கர் வேலையில் இருப்பதாகச் சொன்னாள். "ஐயா, கேமரன் மலைக் கட்டுரை இன்னும் மனப்பாடம்," என்று சிரித்தபடி முதல் இரண்டு வரிகளையும் ஒப்பித்துக் காட்டினாள். நன்றியோடுதான் சொன்னாள். தந்தை நலமா என்று கேட்டேன். அவர் காலமாகி இரண்டாண்டுகள் ஆகிவிட்டன என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, "நீ எனக்கு இன்னொரு கட்டுரை எழுதினாய், அம்மா. நான்தான் அதை அடித்துவிட்டேன்," என்றேன். மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. பந்தலுக்கு வெளியே அழைத்துப்போய் மறுபடியும் சொன்னேன். பட்டர்வொர்த், மழை, பழுதான வைப்பர், கையை நீட்டித் துணியால் துடைத்த தந்தை, எழுப்பாமல் விட்ட கடல். நினைவிலிருந்த மட்டும் அவளுடைய கட்டுரையை அவளுக்கே சொன்னேன்.

அவள் வெகுநேரம் தலைகுனிந்து நின்றாள். பிறகு நிமிர்ந்து, "துணி இல்லை ஐயா," என்றாள். "அப்பா போட்டிருந்த சட்டையைக் கழற்றித்தான் துடைத்தார். வீட்டுக்கு வரும்வரை வெறும் உடம்போடு குளிரிலேயே ஓட்டினார்."

அந்தத் திருத்தத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு இங்கே பதிவு செய்கிறேன்.